பெண் வீட்டு ஆட்டம்

சம்பந்தியம்மா,

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுச் சாமி மேடையில், முருகனுக்கும் மாரியம்மாவுக்கும் நடுவில், மூன்று வாரமாக உங்களுடைய கறுப்பு பிஷப் நின்றுகொண்டிருக்கிறது. சதுரங்கக் காய்தான். கோணலாக ஓடுமே, அது. ஜெயித்துக்கொண்டு வந்த சந்தோஷத்தில், ஒரு நாள் மட்டும் இருக்கட்டும் என்று வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நெற்றி மாதிரி தெரிந்த இடத்தில் ஒரு குங்குமப் பொட்டையும் வைத்துத் தொலைத்தேன்.

மறுநாள் காலையில் பூ வைக்கப் போன என் வீட்டுக்காரர், "இது எந்தக் கோயில்ல வாங்குனது?" என்று கேட்டார்.

"ரொம்பத் துடியான சாமி. பேரு சொல்லக் கூடாது" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். மனிதர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு மஞ்சள் செவ்வந்தியை அதன் தலையில் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சூடம் காட்டி, ரத்தத்தில் இனிப்பு நீர் குறைய வேண்டும் என்று அதனிடம் மனமுருகக் கேட்டதை அடுப்படியில் நின்று என் காதால் கேட்டேன். இந்த வாரம் கிளினிக்கில் பார்த்தால் இனிப்பு நீர் குறைந்திருக்கிறது. இனிமேல் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

இன்று காலை மேடையைத் துடைக்க பிஷப்பைக் கையில் எடுத்தேன். விளக்குச் சூட்டில் மரத்துக்குள்ளிருந்து உங்கள் தைல வாசனை கிளம்பியது. விரல் மூட்டு வலிக்குத் தேய்த்துக்கொள்வீர்களே, அந்தப் பச்சைத் தைலம். தேய்த்த கையோடு காய்களைத் தொட்டுத் தொட்டு, பெட்டி முழுக்க அந்த வாசனைதான். துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தொழிற்சாலை ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. தோட்டத்துத் துரை கோலாலம்பூர் போயிருக்கிறார், பரவாயில்லை.

நாம் இருவரும் யார் என்று கேட்டால், சம்பந்தி என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வராது. நீங்கள் மாப்பிள்ளையின் அம்மா, நான் பெண்ணின் அம்மா. நம் ஆட்களிடம் அதற்கு ஒரு சட்டம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பிறகுதான் பெண் வீட்டார் உட்கார வேண்டும். அவர்கள் சிரித்த பிறகு சிரிக்க வேண்டும். விருந்தில் உப்பு குறைந்தால் பெண் வீட்டின் குற்றம், கூடினாலும் பெண் வீட்டின் குற்றம், சரியாக இருந்தால் சமைத்தவன் கெட்டிக்காரன். தானா ராத்தா டவுனில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ரிங்லெட்டுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா வேலை பார்த்து, பொம்பளைக் கிராணி என்று பெயர் வாங்கியவள் நான். நிச்சயதார்த்தம் முடிந்து முதன்முதலாக எங்கள் குவார்ட்டர்ஸுக்கு நீங்கள் வந்தபோது, பக்கத்து வீட்டு செல்லம்மாக்காவிடம் பீங்கான் கோப்பைகளை இரவல் வாங்கி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றைப் பார்த்து, "அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று நீங்கள் கேட்டதும், கையில் பலகாரத் தட்டோடு உள்ளே வந்த செல்லம்மாக்கா, "தாப்பாவுல வாங்குனேன்" என்று பதில் சொன்னதும் நினைவிருக்கிறதா? அன்றைக்கே நான் பாதி உயிரை விட்டேன்.

பேச்சு தீர்ந்துபோனது. குளிரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? கேமரன் மலையில் குளிர் என்பது செய்தி இல்லை. அப்போதுதான் அலமாரி மேல் கிடந்த சதுரங்கப் பலகை உங்கள் கண்ணில் பட்டது.

"யாரு ஆடுவா?"

"உங்க மருமக கோமதிதான் பள்ளிக்கூடத்துல ஆடுனா. இப்ப யாரும் தொடுறது இல்ல."

"நீங்க?"

"குதிரை எப்படிப் போகும்னு மட்டும் தெரியும் சம்பந்தி" என்றேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்தீர்கள். உண்மையில் அது கொஞ்சம் அதிகப்படியாகச் சொன்னது.

அன்று முதல் ஆட்டத்தில் ராணியைக் கொண்டுபோய் உங்கள் சிப்பாய்க்கு முன்னால் வைத்தேன். மாப்பிள்ளை வீட்டை ஜெயிக்கலாமா, அபசகுனம் இல்லையா? நீங்கள் ராணியை எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தீர்கள்.

"வேணும்னே வச்சீங்களா?"

"இல்ல சம்பந்தி, அது வந்து... மாப்பிள்ளை வீட்டுக்காரங்க..."

"சீர்வரிசையைத் தட்டுல வைங்க. போர்டுல வைக்காதீங்க."

இரண்டாவது ஆட்டத்தை உண்மையாகவே ஆடினேன். முதல் ஆட்டத்தைவிட சீக்கிரமாகத் தோற்றேன். அதன் பிறகுதான் என்னை நம்பினீர்கள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்தீர்கள். புதுத் தேயிலைத் தூள் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு. உங்கள் வீட்டில் சேர்ந்த தூளுக்கு ஒரு கடையே திறந்திருக்கலாம். இங்கே லயத்து வீடுகளிலும் சும்மா இருப்பார்களா? மாப்பிள்ளையின் அம்மா வாராவாரம் பெண் வீட்டுக்கு வருகிறாள், இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? தண்ணீர்க் குழாயடியில் செல்லம்மாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வச்சுக்காத. கோமதிய வெட்டி விட்டுடப் போறாங்களாமே, எவ்வளவு கேக்குறாங்க?" என்று அழுதாள். இல்லக்கா, ரெண்டு கெழவிங்க செஸ் ஆடுறோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மகளின் வாழ்க்கை தள்ளாடுகிறது என்பதே மரியாதையாகப் பட்டது. பெருமூச்சு விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு பாடு என்று நீங்கள் சொன்னது வெகு நாள் கழித்துத்தான். எல்லாம் உங்கள் வீட்டுக்காரரால்.

அரசாங்க ஆபீஸில் பெரிய நாற்காலியில் இருந்தவர், கல்யாணமான நாளிலிருந்து உங்களை ஜெயித்துக்கொண்டே இருந்தார். எப்போதும் அவருக்குத்தான் வெள்ளைக் காய். தீபாவளிக்கு ஊரையே அழைக்கும் திறந்த வீட்டு விருந்தன்று கூடத்தின் நடுவே பலகையைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் தோற்கடிப்பார். கடைசியில் சபை நிறைந்த பிறகு உங்களைக் கூப்பிடுவார். உங்கள் ராஜாவைச் சாய்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டீச்சரம்மா, தப்பைத் திருத்திக்கிட்டு அடுத்த வாரம் வாங்க" என்பார். கூடமே சிரிக்கும். நானும் ஒரு தரம் சிரித்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்த பிறகுதான்.

"ஒரே ஒரு தடவை, சம்பந்தி. அதே கூடத்துல, அத்தனை பேருக்கு முன்னாடி. அந்த வாக்கியத்தை அவரால சொல்ல முடியாமப் போகணும். அது போதும் எனக்கு" என்றீர்கள். சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தீர்கள். அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. முறுக்குதான் பட்டென்று உடைந்தது.

அதற்காக நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது, கறுப்புக் காய்க்காரர் ஆடும் பிரெஞ்சுத் தற்காப்பு. அவரிடம் ஒரு முறைகூட ஆடிக் காட்டாமல், என் வீட்டில், என்னை அவராக உட்கார வைத்தும், அப்புறம் என்னை நீங்களாக உட்கார வைத்தும் பழகினீர்கள். எனக்கு அது புரிகிற விதத்தில் சொன்னீர்கள்.

"இது பொண்ணு வீட்டு ஆட்டம். அவரு ராஜாவோட சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுவாரு. நாம ஒரு கட்டம்தான். வாங்க வாங்கன்னு கைகட்டி நிக்கிற மாதிரி. அவரு ராணியோட சிப்பாயையும் ரெண்டு கட்டம் தள்ளுவாரு. இப்ப நாமளும் ரெண்டு கட்டம் தள்ளி, அவரோட முதல் சிப்பாய்கிட்ட போய் நிப்போம். வேற யாராச்சும்னா அதை வெட்டுவாங்க, இல்ல காவல் போடுவாங்க. என் வீட்டுக்காரரு முன்னாடி காலி எடம் பாத்தா நிக்க மாட்டாரு. தாண்டிப் போயிடுவாரு."

தாண்டிப் போய்விட்டால் வெள்ளைக்குப் பெரிய இடம். நமக்கு மூச்சு முட்டும். அதிலும் அந்த பிஷப், நம் சிப்பாய்களே வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, பின்னால் பூட்டிக் கிடக்கும். "நாமளே நம்மளைப் பூட்டிக்கிட்டு எதுக்கு இந்த ஆட்டம்?" என்று கேட்டேன். நீங்கள் எவ்வளவோ சொன்னீர்கள். என் தலையில் ஏறவில்லை. ஆகவே நகர்த்தல்களை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். நீங்கள் வரிசையை ஓர் இடத்தில் மாற்றினால் போதும், ஏழாம் வாய்ப்பாட்டை நடுவிலிருந்து கேட்ட பிள்ளை மாதிரி விழிப்பேன்.

புரிய வைத்தது நீங்கள் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மழைதான்.

அந்த ஞாயிறு வானம் பிளந்துகொண்டு கொட்டியது. நீங்கள் திரும்பிப் போக வேண்டிய பஸ் வரவில்லை. ரிங்லெட்டுக்கு மேலே பாதையில் மண் சரிந்துவிட்டதாம், கார் லோரி எதுவும் போகாதாம். அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கினீர்கள். மாப்பிள்ளையின் அம்மா பாயில் படுப்பதா என்று நான் கட்டிலைக் கொடுக்க, என் வீட்டுக்காரர் கீழே படுத்து இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கோணலாக நடந்தார், பிஷப் மாதிரி. மறுநாள் காலை மழை விட்டதும், குடையை எடுத்துக்கொண்டு, வாங்க போய்ப் பாக்கலாம் என்றீர்கள். ஊரே அங்கேதான் நின்றது. மலைச்சரிவு முழுக்க முட்டைக்கோஸ் பாத்திகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல ஏறிப் போகிறவை. அதில் ஒரு பக்கம் அப்படியே வழுக்கி வந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தது. மேலே இருந்த பாத்தி குலையாமல், கோஸ்கள் வரிசையாக, ரோட்டு நடுவே முளைத்த மாதிரி இருந்தன. ஓர் ஆள் வெட்கமில்லாமல் இரண்டைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டான். அந்த ஆள் என் வீட்டுக்காரர்.

நீங்கள் குடை முனையால் சரிவின் கீழ்ப் பக்கத்தைக் காட்டினீர்கள். ரோட்டோரமாகக் கடை போடுவதற்கு யாரோ மண்ணை வெட்டிச் சமன் செய்திருந்த இடம்.

"பாத்தீங்களா சம்பந்தி? உச்சியில யாரும் கை வைக்கல. கீழதான் வெட்டியிருக்காங்க."

"ஆமா."

"அவரோட சிப்பாய்ங்க எப்படி நிக்கிறாங்க?"

அந்தச் சேற்றில் நின்று கண்ணை மூடிப் பலகையைப் பார்த்தேன். முன்னால் தாண்டி வந்த சிப்பாய், அதைத் தாங்கி ஒரு படி கீழே இன்னொன்று, அதற்கும் முட்டாக இன்னும் ஒரு படி கீழே ஒன்று. படிப்படியான சரிவு. இத்தனை நாளும் என் மூக்குக்கு எதிரே நிற்கும் உச்சிச் சிப்பாயைப் பார்த்தே நான் பயந்துகொண்டிருந்தேன். ஓரத்தில் நாம் தள்ளும் சிப்பாய் அதன் அடியை வெட்டுவதற்கு. அப்புறம் வருகிற குதிரை, அதே அடியைத் தோண்டுவதற்கு. ராணி வந்து ஓரமாக நின்று பார்ப்பதும் அதே இடத்தை. எல்லோரும் ஒரே இடத்தையே பார்க்கிறார்கள். நடுவில் நம் சிப்பாய்கள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பது, இந்த வேலை நடக்கும்வரை வீட்டுக்குள் யாரும் வராமல் இருக்க.

"அட" என்றேன். "நாம பணிஞ்சே போகலயே சம்பந்தி. கீழ உக்காந்து தோண்டிக்கிட்டில்ல இருக்கோம்."

"பொண்ணு வீட்டு ஆட்டம்னு சொன்னேன்ல" என்றீர்கள். ரோட்டில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். சரிந்த மலையைப் பார்த்து இரண்டு பொம்பளைகள் சிரித்தார்கள் என்று அதற்கும் ஒரு கதை ஓடியது.

ஆனால் புரிந்தவளுக்குப் பசி அதிகம். அடிவாரச் சிப்பாய் ஆடுகிறது என்று தெரிந்ததும் குதிரையால் அதை வெட்டுவேன். நீங்கள் அவருடைய இடத்தில் உட்கார்ந்து குதிரையால் குதிரையை வெட்டுவீர்கள். நான் ராணியால் திரும்ப வெட்டுவேன். உடனே உங்கள் பிஷப் வழியை விட்டு விலகி என் ராஜாவுக்கு செக் வைக்கும். விலகிய வழியில் பார்த்தால் உங்கள் ராணி என் ராணியை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும். செக்கை கவனிப்பதற்குள் என் ராணி போய்விடும். உங்கள் வீட்டுக்காரருக்கு உயிரான பொறி அது. எலிப்பொறி என்று பெயர் வைத்திருந்தார். தானா ராத்தா காப்பிக்கடையில் அதில் வால் சிக்காத ஆம்பளை கிடையாது. நான் வாராவாரம் சிக்கினேன்.

"கல்யாண வீட்டுல மொதப் பந்திக்குப் பாயுற மாதிரி பாயுறீங்க. அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு" என்று சொல்லி, பூட்டிக் கிடந்த பிஷப்பை ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம் நகர்த்தினீர்கள். ராஜாவுக்குக் கோணலாக ஒரு படி முன்னால் வந்து நின்றது. பார்க்க ஒன்றுமே இல்லை. சமையல்கட்டிலிருந்து ஒரு பொம்பளை வாசல்படி வரை வந்து நிற்கிற மாதிரி. ஆனால் இப்போது அந்த செக் செக்கே இல்லை. வழியில் பிஷப் நிற்கிறது.

"அவரு பாத்துட மாட்டாரா?"

"அதைப் பாக்கவே மாட்டாரு. அது பூட்டிக் கெடக்குதுன்னு மூணாவது காய் நகர்த்துறப்பவே முடிவு பண்ணிடுவாரு. முடிவு பண்ணினதை அவரு திரும்பிப் பாத்து நான் கண்டதில்ல."

அந்தத் தீபாவளிக்குத்தான் நாள் குறித்து வைத்திருந்தீர்கள். தீபாவளிக்கு முன்னாலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்து, "பிஷப்பை மறந்துடாதீங்க" என்றீர்கள். கட்டில் பக்கத்தில் நின்ற உங்கள் நாத்தனார் முகம் வெளுத்துப்போய் என்னை வெளியே கூட்டி வந்து, "அண்ணி எப்ப கிறிஸ்துவ வேதத்துல சேந்தாங்க?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. வெகு நேரம் அடக்க முடியவில்லை. அதையும் ஊர் பேசியது. பேசட்டும்.

வருஷம் திரும்பும்வரை உங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. இந்தத் தீபாவளிக்குத்தான், முடிந்து வந்த சனிக்கிழமையில், மறுபடி வீட்டைத் திறந்தார்கள். மத்தியானம் நாங்கள் தட்டோடு போய்ச் சேர்ந்தபோது வெளியே பனி மூடி, எதிர்வீடு தெரியவில்லை. அப்படிப்பட்ட வெளிச்சத்தில் உங்கள் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைத் தோரணை இன்னும் போகல பாத்தீங்களா" என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவர் முன்னால் உங்கள் பலகை. வெள்ளை அவர் பக்கம். எதிர் நாற்காலி காலி.

யாரும் உட்காரவில்லை. அது உங்கள் நாற்காலி என்று எல்லோருக்கும் தெரியும். அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பொதுவாக, பழைய குரலில், "என்னா, இந்த வருஷம் ஆள் இல்லையா? டீச்சரம்மா இருந்திருந்தா, தப்பைத் திருத்திக்கிட்டு வந்திருப்பாங்க" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று கூடத்துக்குத் தெரியவில்லை.

என் கையில் நெய் உருண்டைத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் உட்காரச் சொல்லாமலே.

கோமதி பறந்து வந்தாள். "மா, என்னம்மா பண்றீங்க? எந்திரிங்க லா."

"ஒரு ஆட்டம்தானே."

"தோத்துடுங்க, சரியா? நான் இந்த வீட்டுலதான் இருக்கணும்" என்று என் தோளை அழுத்திவிட்டுப் போனாள். மூலையில் என் வீட்டுக்காரர் ஆட்டிறைச்சியைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றார். அந்தத் துண்டு கடைசிவரை வாய்க்குப் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

அவர் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நான் ஒரு கட்டம். "அடேயப்பா, ரொம்ப மரியாதை" என்றார். கூடம் சிரித்தது. அவர் ராணிச் சிப்பாய். நானும். இந்த இடத்தில் அவர் கையையே பார்த்தேன். அவர் வெட்டினால், காவல் போட்டால், உங்கள் மலையே இல்லை. நான் வாய்ப்பாடு மறந்த பிள்ளை. அவர் விரல் சிப்பாயின் தலையைத் தடவியது. தாண்டினார்.

பாக்கியெல்லாம் நீங்கள் ஆடியது. ஓரத்துச் சிப்பாய் போய் அடியை வெட்டியது. அவர் முட்டுக் கொடுத்தார். குதிரை வந்தது, ராணி வந்தது. அவர் தன் பிஷப்பை ராணிக்கு முன்னால் கொண்டுவந்து பொறியைக் கட்டினார். முட்டுக் கொடுத்த சிப்பாயும் என் சிப்பாயும் வெட்டிக்கொண்டு போக, அடிவாரச் சிப்பாய் தனியாக நின்றது. வெட்டு, வெட்டு என்று என் பசி சொன்னது. பந்திக்குப் பாயாதீங்க என்று நீங்கள் சொன்னீர்கள். தைலம் மணக்கும் பிஷப்பை எடுத்து, ஒரு கட்டம், சத்தமில்லாமல் வைத்தேன்.

அவர் ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். எலிக்குக் காத்திருக்கிறார். நான் குதிரையால் சிப்பாயை வெட்டினேன். அவர் குதிரையால் வெட்டினார். நான் ராணியால் வெட்டினேன். அவர் பிஷப்பைத் தூக்கிப் பலகை அதிரும்படி வைத்தார்.

"செக். ராணி போச்சு. தப்பைத் திருத்திக்கிட்டு..."

"செக் இல்லீங்க சம்பந்தி" என்றேன். "நடுவுல பிஷப் நிக்குது."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மூக்கு பலகையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். விரலை நீட்டி அந்தக் காயைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது இரண்டு கண்ணிலும் நீர் நின்றது.

"தைல வாசனை" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

ராணியால் அவர் ராணியை வெட்டினேன். அவர் திரும்ப வெட்டினார். அப்புறம், யாரும் கணக்கில் வைக்காத உங்கள் பிஷப் சமையல்கட்டு வாசலிலிருந்து கிளம்பிப் போய் அவருடைய பிஷப்பைச் சாப்பிட்டது. அதற்கு மேல் நான் ஆடியது எதுவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒரு சிப்பாயைச் சும்மா தொலைத்தேன். ஆனால் கையில் ஒன்று கூட இருந்தால் மற்றதையெல்லாம் மாற்றிக்கொண்டே போங்கள் என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். பலகை காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் என் சிப்பாய் ஒன்று ராணியாகப் போகும் பாதையில் யாருமே இல்லை. அவர் தன் ராஜாவைத் தானே சாய்த்தார்.

கோமதி கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளைதான் முதலில் கை தட்டினார், தன் அப்பா தோற்றதற்கு. பிறகு கூடமே தட்டியது. உங்கள் வீட்டுக்காரர் அந்த பிஷப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இது டீச்சரம்மாவோடது. நீங்க வச்சுக்குங்க. தப்பைத் திருத்திக்கிட்டு நான் அடுத்த வாரம் வர்றேன்."

கேட்டீர்களா? அந்த வாக்கியத்தை அவர் சொன்னார். தலைகீழாக.

அதற்குப் பிறகு நான் நடக்கிற நடையே வேறு. தொழிற்சாலையில் தூள் மூட்டை ஏற்றுகிறவர்கள் "சாம்பியன் வர்றாங்க, வழி விடு லா" என்கிறார்கள். குழாயடியில் செல்லம்மாக்கா, "சம்பந்தியவே கவுத்துட்டியாமே, கோமதிய அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். கோமதி நன்றாகத்தான் இருக்கிறாள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பலகையோடு வருகிறார். பிஷப் சாமி மேடையில் இருப்பதால் அதற்குப் பதில் உங்கள் தைலப் புட்டியின் மூடியை வைத்து ஆடுகிறோம். வந்த ஞாயிறு எல்லாம் நான்தான் தோற்றேன். மூடியை வைத்துக்கொண்டு யார் ஜெயிக்க முடியும்?

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த மரத்துண்டு மட்டும் இல்லை. இப்போதெல்லாம் எந்தக் கூடத்துக்குள் போனாலும், விசேஷ வீடோ துரையின் மீட்டிங்கோ, நான் முதலில் தேடுவது பேசுகிறவரை இல்லை. எல்லோரும் முடிவு பண்ணிவிட்டு மறந்துபோன ஆள் எந்த மூலையில் நிற்கிறார் என்று பார்க்கிறேன். யாராவது ஒருவர் நிற்கிறார், சம்பந்தியம்மா. அவரிடம் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன். யாரும் பார்க்காத அந்த பிஷப்பை நீங்கள் ஒருவர்தான் பார்த்தீர்கள். அன்றைக்கு அவர் தோற்றது என்னிடம் இல்லை, உங்களிடம். இதை நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன், நேற்று கோமதி போனில் பேசும்வரை.

"மாமாவுக்கு அடுத்த வாரம் மறுபடி ஈப்போவுக்குப் போகணும்மா. கண் டாக்டரு அப்பாயின்மென்ட். போன தடவை மாதிரி அவஸ்தை வேணாம்னு வேற நாளு வாங்கியிருக்கோம். அன்னைக்கு தீபாவளி ஓப்பன் ஹவுஸ் நாளாப் பாத்து காலையில ரெண்டு கண்ணுலயும் மருந்து ஊத்தி விட்டுட்டாங்க. கறுப்புக் கண்ணாடி போட்டும் கண்ணுல தண்ணி வந்துக்கிட்டே இருந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் கிட்டத்துல இருக்கிற ஒன்னும் மாமாவுக்குத் தெரியல."